ஏழு கிலோ தொள்ளாயிரம்

மேடையில் வீற்றிருக்கும் ஊர்த் தலைவர் வில்பெர்த் கனுல் அவர்களே, நமது மருத்துவமனையின் இயக்குநர் அவர்களே, ஒன்பது நாளும் தொண்டை கட்டும்வரை ஜெபம் நடத்திக்கொடுத்த பாதிரியார் அவர்களே, அக்காவைப் பறிகொடுத்து முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் தம்பி எலெயுதேரியோ கவீச் அவர்களே, வேலைக்கு ஒருநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் சோல்பிச் ஊர்ப் பெருமக்களே, பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெயிலில் நிற்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் எல்டா போட். இந்த மருத்துவமனையில் முப்பத்தைந்து ஆண்டுகள் நர்ஸாக இருந்தவள். உங்களில் பாதிப் பேருக்குத் தொடையில் ஊசி குத்தியிருக்கிறேன். மீதிப் பேரைத் துணித் தூளியில் போட்டுத் தராசுக் கொக்கியில் தொங்கவிட்டிருக்கிறேன். அப்போது நீங்கள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. இன்று நீங்கள் எல்லோரும் இப்படி அமைதியாக இருக்கிறீர்கள்.

டாக்டர் மிர்னா கவீச் மறைந்துவிட்டார். நம் குழந்தைகளின் மருத்துவர் மறைந்துவிட்டார். அறுபத்து மூன்று வயது சாகிற வயதா? அவருக்கு முன்னால் போயிருக்க வேண்டியவள் நான். எழுபத்தாறு வயதுக் கிழவியை மைக்கின் முன்னால் நிறுத்திவிட்டு அவரைக் கொண்டுபோனதில் என்ன நியாயம் என்று பாதிரியார்தான் ஒருநாள் எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டும்.

எனக்கு முன்னால் பேசிய இயக்குநர் ஐயா ஒரு வார்த்தை சொன்னார். “பெரியவர்கள் வாழ்விலும் ஒரு சறுக்கல் உண்டு. டாக்டர் மிர்னாவின் ஆய்வில் நேர்ந்த அந்தப் பிழையை இன்றைக்கு நாம் மறந்துவிடுவோம்” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நீங்களும் தலையாட்டினீர்கள். ஐயா, அந்த வார்த்தைக்குத் திரும்பி வருகிறேன். உண்மையில், இந்த மேடையில் ஏற நான் ஒத்துக்கொண்டதே அதற்காகத்தான். அதற்கு முன்னால் அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் செத்தவர்களைப் பற்றித் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்வதில் ஓர் ஆறுதல் இருக்கிறது.

இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவர் இங்கே வந்தார். வந்த இரண்டாவது நாளே சமையலறைக்குப் பின்னால் இருந்த பதிவறையின் கதவைத் தட்டினார். மழை ஒழுகும் கூரை. உள்ளே நாற்பது வருடத்துக் குழந்தை அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு குழந்தையின் பெயர், பிறந்தபோது இருந்த எடை, பிறகு மாதாமாதம் எடை, உயரம். பதிவறையைப் பார்த்துக்கொண்டவர் அதோ தூணோரம் நிற்கிறாரே, நம் காஸ்பர் துசுக். அவரிடம் டாக்டர் கேட்டார்.

“இதுக்குள்ள என்ன இருக்கு?”

“எல்லாம் பழைய குப்பை டாக்டரம்மா. எலி குட்டி போடுது, நான் பெருக்கிக் கொட்டுறேன்.”

“எலி எத்தனை குட்டி போட்டுச்சுன்னு எழுதி வெச்சிருக்கீங்களா?”

“அதை யாரு எழுதுவா!”

“மனுஷி பெத்த பிள்ளைங்களையாவது யாரோ உட்கார்ந்து மாசாமாசம் எழுதி வெச்சிருக்காங்களே. அதைப் போய்க் குப்பைங்கிறீங்களே காஸ்பர்!”

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். வார்டு தாழ்வாரத்தில் நோயாளிகள் படுக்க ஏணையும் ஊஞ்சலும் கட்டுகிற கயிறுகளை எல்லாம் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, துணி மாட்டும் கிளிப்பைப் போட்டு, ஈரம் ஊறிய அட்டைகளைக் காயவைத்தார். நோயாளிகள் தலையைக் குனிந்து குனிந்து நடந்தார்கள். “யாருடைய பிள்ளை என் மூக்குல இடிக்குதுன்னு பாருங்க” என்று கேலி பேசினார்கள். ஆறாயிரம் அட்டைகள்! மூன்று மழைக்காலம் அந்த வேலை நடந்தது.

எதற்காக இத்தனை பாடு? பத்து வயதுப் பிள்ளை, அறுபது கிலோ, கழுத்தெல்லாம் கறுத்து, நாலு படி ஏறினால் இளைக்கிறது. அப்படி ஒரு பிள்ளையை அழைத்து வந்தால் மற்ற டாக்டர்கள் என்ன சொல்வார்கள்? “கோலா குடிக்காதே, பொரித்ததைத் தின்னாதே” என்று திட்டி அனுப்புவார்கள். டாக்டர் மிர்னா திட்டமாட்டார். “இவன் ஒரு வயசுல எத்தனை கிலோ இருந்தான்?” என்று கேட்பார். அம்மாவுக்குத் தெரியாது. காஸ்பர் ஓடிப் போய் அட்டையை எடுத்து வருவார். இந்த ஊரில் நார் ஆலை மூடிய காலத்தில் எலும்பும் தோலுமாக இருந்த குழந்தைகளின் தம்பிகளும் பிள்ளைகளும் இன்று ஏன் இப்படி ஊதிப்போகிறார்கள்? பசித்த வயிற்றுக்கும் பெருத்த வயிற்றுக்கும் என்ன உறவு? அதுதான் அவருடைய கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் நம் மருத்துவமனையின் அட்டைகளுக்குள்தான் கிடக்கிறது என்று அவர் நம்பினார்.

தராசு அறையில் அவர் செய்ததை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அவரும் பருமனானவர்தான், அதில் ஒளிவுமறைவு இல்லை. குழந்தையை எடை போட வரும் எந்த அம்மாவையும் முதலில் தராசில் ஏற்றமாட்டார். தானே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்பார். “எல்டா அக்கா, சத்தமா வாசிங்க!” என்பார். நான் வாசிப்பேன்: “தொண்ணூத்தி நாலு கிலோ முன்னூறு!” வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும். சிரிப்பார்கள். அதற்குப் பிறகு எந்தத் தாய்க்கு வெட்கம் வரும்?

ஒருமுறை ஒரு பெண் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நகர மறுத்துவிட்டாள். அவள் பெயரைச் சொல்லமாட்டேன், இங்கேதான் இருக்கிறாள்.

“என் பிள்ளை கொழுகொழுன்னு இருக்கான்னு உங்களுக்குக் கண்ணு டாக்டரம்மா.”

“கண்ணுதான்டி. நாப்பது வயசுல சர்க்கரை வியாதிக்குப் பறிகொடுக்காம அவன் காலு ரெண்டும் உடம்போட இருக்கணும்னு கண்ணு.”

“வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?”

“அவனைத் தராசுல விடு, நல்ல வார்த்தையா சொல்றேன். விடமாட்டியா? அப்ப நீ ஏறு. ரெண்டு பேரும் சேர்ந்து ஏறுங்க. நானும் வர்றேன், தராசு தாங்குதான்னு பாப்போம்!”

அந்தப் பையன் இப்போது நகரத்தில் படிக்கிறான். நேற்று ஒன்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்திருந்தான். கொடுத்த சாக்லேட் பானத்தில் சர்க்கரை அதிகம் என்று கோப்பையைத் திருப்பி வைத்தான். டாக்டர் இருந்திருந்தால் அவனைக் கட்டிப் பிடித்திருப்பார். எனக்குத் தாங்கவில்லை, கொல்லைப் பக்கம் போய் அழுதேன்.

இப்போது அந்த ஆய்வுக்கு வருகிறேன்.

ஆறு ஆண்டு உழைப்புக்குப் பிறகு டாக்டர் மிர்னா தன் முடிவை வெளியிட்டார். ஒரு வயதில் மிகவும் மெலிந்திருந்து, பிறகு வேகமாக எடை ஏறிய குழந்தைகள்தான் பத்து வயதில் அதிகம் பெருத்துப்போகிறார்கள் என்று நம் அட்டைகளை வைத்துச் சொன்னார். தலைநகரத்துக்குக் கூப்பிட்டு மாலை மரியாதை செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் பருப்பும் காய்கறியும் வேகவைத்துப் போடும் சமையற்கூடத்துக்கு ஏற்பாடு ஆனது. சோல்பிச் என்ற பெயரை வெளியூரார் முதல் தடவையாகச் சரியாக உச்சரித்தார்கள். இரண்டு வருடம் எங்களுக்கெல்லாம் தரையில் கால் பாவவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவர் என் வீட்டுக்கு வந்தார். நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. கையில் காகிதப் பையில் இனிப்பு ரொட்டி. பார்த்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. இனிப்பு ரொட்டி வாங்கித் தருகிற ஆளா அவர்? என் ஊஞ்சலில் உட்கார்ந்தார். ஒரு படத்தை விரித்துக் காட்டினார். ஒரு வயதில் எந்த எடையில் எத்தனை குழந்தைகள் என்று வரைந்த படம்.

“எல்டா அக்கா, இதைப் பாருங்க. நார் ஆலை மூடின வருஷத்துல இருந்து ஆறு வருஷம். ஏழு கிலோ தொள்ளாயிரத்துல இருநூத்தி அறுபது பிள்ளைங்க. எட்டு கிலோவுல ஒருத்தன் இல்ல. எட்டு நூறுல ஒருத்தன் இல்ல. எட்டு இருநூறு, முன்னூறு, யாருமே இல்ல. அப்புறம் ஒன்பது கிலோவுல போய்தான் ஆள் தெரியுது. கடவுள் இப்படியா பிள்ளைங்களைப் படைப்பார்?”

நான் ரொட்டிப் பையைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

“மருந்தறைப் பதிவுல கரையான் தின்னது போக நாலு பக்கம் கிடைச்சுது. காய்ச்சல் மாத்திரை கொடுத்த கணக்கு. அட்டையில ஏழு தொள்ளாயிரம் இருக்கிற பிள்ளைக்கு எட்டரைக் கிலோ பிள்ளைக்கான மருந்து போயிருக்கு. ஒரு பிள்ளைக்குக்கூட மருந்து கூடவும் இல்ல, குறையவும் இல்ல, எல்லாம் பொழைச்சிருக்கு. எப்படி அக்கா? நெஜமான எடை யாருக்கோ தெரிஞ்சிருக்கு. எங்கயோ எழுதி வெச்சிருக்காங்க.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஞாபகம் இல்ல டாக்டரம்மா. வயசாயிடுச்சு” என்றேன். அப்போது எனக்கு அறுபது வயது. இந்த ஊரில் யாருக்கு எந்தத் தேதியில் அம்மை போட்டது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவள் நான்!

அவர் படத்தை மடித்தார். “சரி அக்கா. ஞாபகம் வந்தா கொண்டு வாங்க. ரொட்டியைச் சாப்பிடுங்க, காஞ்சிடும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவர் உட்கார்ந்திருந்த ஊஞ்சலுக்குக் கீழே என் தகரப் பெட்டி இருந்தது. அவர் கால் இரண்டு தடவை அதில் இடித்தது. அந்தப் பெட்டிக்குள்தான் நோட்டு இருந்தது.

பெரியோர்களே, தாய்மார்களே! அந்த ஏழு கிலோ தொள்ளாயிரத்தை எழுதியவள் நான். இருநூற்று அறுபது முறை எழுதியவள் நான்.

ஏன் எழுதினேன்? நார் ஆலை மூடிய வருடம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? அடுத்து வந்த புயல் சோளத்தையும் அடித்துக்கொண்டு போனது நினைவிருக்கிறதா? வெறும் உப்பைத் தொட்டுக்கொண்டு சோள ரொட்டி தின்றோமே! அப்போது பால் மாவு வந்தது. ஆனால் ஒரு விதியும் கூடவே வந்தது. ஒரு வயதில் எட்டுக் கிலோவுக்குக் கீழே இருந்தால் அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் பால் மாவு உண்டு. எட்டைத் தொட்டுவிட்டால் கிடையாது. எட்டுக் கிலோ நூறு கிராம் இருக்கிற பிள்ளைக்குப் பசிக்காதா? அவன் வீட்டில் இன்னும் நாலு பிள்ளைகள் இருக்க மாட்டார்களா? தராசு முள் எட்டைத் தாண்டும்போது அந்தத் தாய்மார்கள் முகத்தை நான்தானே பார்த்தேன்! தன் பிள்ளை நூறு கிராம் கூடிவிட்டதே என்று தாய் அழுவதை வேறு எந்த ஊரில் பார்த்திருப்பீர்கள்?

நம் ஊர் வழக்கம் எனக்குக் கைகொடுத்தது. தராசுக்காகப் பிள்ளையின் துணியைக் கழற்ற எந்தத் தாயும் சம்மதிக்கமாட்டாள். “காத்து கறுப்பு அண்டிடும்” என்பாள். சட்டை, போர்வைத் துணி, கண்ணேறுக்குக் கட்டிய சிவப்பு மணி, எல்லாவற்றோடும்தான் தூளியில் போடுவோம். பிறகு துணிக்கென்று முன்னூறு கிராம் கழித்து எழுதுவோம். அது எங்கள் மருத்துவமனையின் எழுதாத சட்டம். நான் முன்னூறுக்குப் பதிலாக, எட்டுக்குக் கீழே இறங்க எத்தனை வேண்டுமோ அத்தனையும் கழித்தேன். யாராவது கேட்டால், “கனமான துணி” என்று சொல்லிவிடலாம். மே மாத வெயிலில் எந்தப் பிள்ளைக்கு ஒரு கிலோ துணி சுற்றுவார்கள்? ஒருவரும் கேட்கவில்லை.

அந்தச் செயலுக்காக இன்றும் நான் வெட்கப்படவில்லை. அந்தப் பாலைக் குடித்தவர்கள் இந்த முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஆனால் ஒரு மாதத்துக்குள் ஒன்று நடந்தது. நான் எடை குறைத்து எழுதிய ஒரு பிள்ளைக்கு மலேரியாக் காய்ச்சல். அப்போதிருந்த டாக்டர் அட்டையில் இருந்த எடையைப் பார்த்து மாத்திரை கொடுத்தார். மருந்து போதவில்லை. காய்ச்சல் இறங்கி மறுபடி ஏறியது. மூன்றாவது நாள் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. நான் டாக்டரிடம் ஓடி, “தராசு சரியில்லை, இந்த எடையைப் போட்டுக்கொள்ளுங்கள்” என்று உண்மையான எடையைச் சொன்னேன். பிள்ளை பிழைத்தது. அன்று மாலையே ஒரு நோட்டு வாங்கினேன். அன்றிலிருந்து அட்டையில் ஓர் எடை, நோட்டில் ஓர் எடை. அட்டை பாலுக்கு, நோட்டு மருந்துக்கு. டாக்டர் மருந்துக்காக எடை கேட்டால் நோட்டில் இருப்பதையே சொல்வேன். ஆறு வருடம் ஒரு நாள் தவறாமல் எழுதினேன்.

பதினேழு வருடம் கழித்து அந்த அட்டைகளை உண்மையென்று நம்பி ஒரு பெண் ஆறு ஆண்டு உழைப்பார் என்று எனக்குத் தெரியுமா? அது தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஆனால் அவர் கயிற்றில் அட்டைகளை மாட்டியபோது கிளிப் எடுத்துக் கொடுத்தவளே நான்தான். அப்போது சொல்லியிருக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். முதலில், அவ்வளவு அட்டைகளில் இது எங்கே தெரியப்போகிறது என்று இருந்தேன். பிறகு மாலை மரியாதை வந்தபோது, எப்படிச் சொல்வது என்று இருந்தேன். பிறகு அவரே வந்து கேட்டபோது, பென்ஷன் போய்விடுமே என்று பயந்தேன். பால் வாங்கிய தாய்மார்களைத் திருடிகள் என்று சொல்வார்களே என்றும் பயந்தேன். ஆனால் அதை இரண்டாவதாகத்தான் நினைத்தேன். இன்று இந்த மேடையில் அதை மாற்றிச் சொல்லமாட்டேன்.

டாக்டர் மிர்னா என்ன செய்தார்? தன் ஆய்வைத் தானே திரும்பப் பெற்றார். யாரும் கண்டுபிடிக்கவில்லை, யாரும் குற்றம் சாட்டவில்லை. தானே எழுதிக் கொடுத்தார்: “எடைகளைத் துணியோடு எடுத்ததை நான் சரிபார்க்கத் தவறினேன். பிழை என்னுடையது.” தலைநகரத்திலிருந்து விசாரிக்க வந்தார்கள். அட்டையை எழுதியது எந்த நர்ஸ் என்று கேட்டார்கள். என் கையெழுத்தை இருட்டில் காட்டினாலும் கண்டுபிடிக்கக்கூடியவர் அவர். “பத்துப் பேர் எழுதினது. யார் கைன்னு எப்படிச் சொல்ல முடியும்?” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன். அவர் வகிக்கவிருந்த தலைமைப் பதவி போனது. பள்ளிச் சமையற்கூடம் மூடியது. துணியைக்கூடக் கழற்றாமல் எடை போட்ட டாக்டர் என்று படித்தவர்கள் சிரித்தார்கள். நம் ஊரிலும் சிலர் சிரித்தீர்கள். அப்போதும் அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. மறு சனிக்கிழமையே தராசைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சட்டைகளை நினைத்துப் பாருங்கள்! இன்று இந்த ஊரில் அதைப் போடாத குழந்தை உண்டா? ஒரே துணியில், ஒரே அளவில், நூறு சட்டை தைக்க வைத்தார். ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்தார், நூற்றுப் பத்துக் கிராம். அறையின் ஜன்னல்களை எல்லாம் சாத்தி, ஒரு இழை காற்று நுழையாமல் திரை போட்டு, போர்வைக்குள்ளேயே அம்மா கையால் பிள்ளைக்குச் சட்டை மாற்றச் செய்தார். மணிகளைக் கழற்றச் சொல்லவில்லை. மணிக்கு எத்தனை கிராம் என்று தனியாக எழுதினார். வேறொரு டாக்டராக இருந்தால், “காற்றாவது கறுப்பாவது, மூட நம்பிக்கை!” என்று கத்தியிருப்பார். டாக்டர் மிர்னா கத்தவில்லை. பெற்ற மனம் பித்து என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பெறாதவர்தான், ஆனாலும் தெரிந்திருந்தது.

அப்படிப் பதினாறு ஆண்டு சனிக்கிழமைகள். வளர்ந்துவிட்ட அந்த இருநூற்று அறுபது பேரையும் தேடித் தேடி எடையும் உயரமும் எடுத்தார். சிலர் வேலைக்கு வெளியூர் போயிருந்தார்கள், பேருந்து ஏறிப் போய் எடுத்தார். அவர்கள் பிள்ளைகளையும் எடுத்தார். முடிவு அவர் கையில் இருந்தது, தொடக்கம் மட்டும் இல்லை. ஒரு வயதில் அவர்கள் உண்மையில் எத்தனை கிலோ இருந்தார்கள்? அந்த ஒரு எண் மட்டும் கிடைத்தால் அவருடைய கேள்விக்குப் பதில் வந்திருக்கும். அவர் சொன்னது சரியோ தவறோ, ஏதோ ஒன்று தெரிந்திருக்கும். அந்த எண் என் தகரப் பெட்டியில், என் துவைத்த துணிகளுக்கு அடியில், பாச்சை உருண்டை வாசனையோடு கிடந்தது.

அவர் மறுபடி ஒருமுறைகூட என்னிடம் கேட்கவில்லை. தெருவில் பார்த்தால், “சுகர் எவ்வளவு அக்கா? மாத்திரை போடுறீங்களா?” என்று மட்டும் கேட்பார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? தெரியவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு பதினாறு வருடம் குறுகுறுத்தும் கால் மட்டும் நகரவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே இருந்தேன். நான்தானே முதலில் சாகப்போகிறேன், செத்த பிறகு பெட்டியைத் திறந்தால் கிடைக்கட்டும் என்றுகூட நினைத்தேன். அதற்குள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தராசு அறையில் செருப்பைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் காஸ்பர் என் வீட்டுக்கு வந்தார். “அக்கா, பதிவறைக்கு ஒரு நடை வர்றீங்களா?” என்றார். போனேன். எத்தனை சுத்தமாக வைத்திருந்தார்கள் அந்த அறையை! வருடம் வருடமாக அலமாரிகள், ஒவ்வொரு கோப்பிலும் டாக்டரின் கையெழுத்தில் தலைப்பு. நார் ஆலை மூடிய வருடத்து அட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு கோப்பை காஸ்பர் உருவி எடுத்தார். திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

“பதினாறு வருஷமா இதைத் தூசி தட்டிட்டு வர்றேன் அக்கா. காலியாத்தானே இருக்கு, தூக்கிப் போட்டுடட்டுமான்னு ஒருநாள் கேட்டேன். ‘தொட்டா கையை ஒடிச்சிடுவேன் காஸ்பர், அதுக்கு உரியது வரும்’ன்னாங்க.”

கோப்பைத் திருப்பி மேலே எழுதியிருந்ததைப் படித்தேன். “உண்மையான எடைகள். மருந்து நோட்டு. எல்டா அக்கா கொண்டுவருவார்.”

அவ்வளவுதான் எழுதியிருந்தது. “மறைத்துவிட்டார்” என்று எழுதவில்லை. “கேட்டேன், தரவில்லை” என்று எழுதவில்லை. கொண்டுவருவார் என்று எழுதியிருந்தார். டாக்டரம்மா! என்னைப் பற்றி நீங்கள் எழுதியதிலேயே ஒரே பொய் அதுதான் என்று ஆகிவிடக் கூடாதே என்றுதான் இன்று இங்கே வந்து நிற்கிறேன்.

எலெயுதேரியோ, உங்கள் அக்கா பெயரில் எந்தப் பிழையும் இல்லை. இயக்குநர் ஐயா, அதை இன்றைக்கு மறக்க வேண்டாம். நாளைக்குத் தலைநகரத்துக்கு எழுதுங்கள். பிழை செய்தவள் பெயர் எல்டா போட், வயது எழுபத்தாறு, இன்ன தெருவில் வசிக்கிறாள் என்று எழுதுங்கள். பென்ஷனைப் பிடித்துக்கொள்ளட்டும். தாய்மார்கள் யாருக்கும் இதில் பங்கில்லை. தராசு முள்ளைப் பார்த்தவள் நான், பேனா பிடித்தவள் நான்.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறாள் கிழவி என்று சொல்வீர்கள், சொல்லுங்கள். வாலாவது கையில் இருக்கிறதே! அதை விடமாட்டேன். வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தராசு அறை திறக்கும். சட்டைகளை நானே துவைத்து வைத்திருக்கிறேன். டாக்டர் தேடிப் பிடித்த இருநூற்று அறுபது பேரும் பிள்ளைகளோடு வர வேண்டும். புதிதாக ஒரு டாக்டர் வருவார், அவருக்கு நோட்டையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுப்போம். டாக்டர் மிர்னா சொன்னது தவறு என்று தெரிந்தால் தவறு என்றே எழுதட்டும், அதைத்தான் அவரும் விரும்பியிருப்பார். ஜன்னலைச் சாத்துகிறேன், திரையைப் போடுகிறேன். தராசில் முதலில் நான் ஏறுவேன். யாராவது சத்தமாக வாசியுங்கள்.

காஸ்பர், அந்தக் கோப்பை இங்கே கொண்டு வாருங்கள். இதோ, என் பையில் இருப்பது அந்த நோட்டு. வைக்கிறேன். முன்னாலேயே வைத்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள் டாக்டரம்மா.

சனிக்கிழமை வரைக்கும் ஏன் காத்திருக்க வேண்டும்? முதல் பக்கத்தின் முதல் பெயரை இப்போதே வாசித்துவிடுகிறேன். வலிப்பு வந்து பிழைத்ததே ஒரு பிள்ளை, இந்த நோட்டையே வாங்க வைத்த பிள்ளை, அவனுடைய பெயர். ஊர்த் தலைவர் அவர்களே, எழுந்திரு அப்பா. உன் அம்மாவுக்கு அன்றைக்குப் பால் மாவு வாங்கித் தருவதற்காக உன்னிடமிருந்து எழுநூறு கிராம் எடுத்துக்கொண்டேன். எல்லோர் முன்னாலும் இன்று திருப்பித் தருகிறேன்.

காஸ்பர், எழுதிக்கொள்ளுங்கள். வில்பெர்த் கனுல். ஒரு வயது. எட்டுக் கிலோ அறுநூறு.